மொறிஸ் மைனரும் ஒரு கையெழுத்தும்



இம்முறை ஒரு பழைய காரைப் பற்றி எழுதப் போகிறேன். “கடன், காணி, பிள்ளையளின்ரை படிப்பு எண்டு எழுதிக்கொண்டிருந்தவ, இப்ப கார் வாங்கிற கதைக்கு வந்திட்டா” என்று உங்களில் சிலர் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இதைத் தொடங்கினேன். ஒரு மொறிஸ் மைனர் காரை வாங்குவதா விடுவதா என்று இரண்டு மாதமாக மண்டையைப் போட்டு உடைத்ததில், உங்களில் பலருக்கு உரிய ஒரு விடயமும் இடையில் வந்து சேர்ந்துகொண்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டு நிலைமை. அம்மாவின் வலது முழங்காலில் 2009இல் பட்ட செல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. எடுக்க வேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். கால் முழுதாக மடங்காது. மாதம் ஒருமுறை முள்ளியவளையிலிருந்து கிளிநொச்சிக்குக் கிளினிக் போகவேண்டும். என்னிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டி. அதில் அம்மா ஒரு பக்கமாகக் காலை நீட்டிக்கொண்டு இருந்தால் எதிரே வருகிற பஸ்காரன் பார்த்துப் பேசுவான். பஸ்ஸில் ஏறுவது அதைவிடக் கஷ்டம். ஆட்டோ பிடித்தால் போய்வரும் கூலிக்கு என் சம்பளத்தில் ஒரு நல்ல துண்டு போய்விடும். ஆகவே ஒரு சின்ன வாகனம் வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகுநாளாக உண்டு.

ஆனால் வாகன விலை உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட ஐந்து வருடத்தில், வைத்திருந்தவர்கள் கேட்டதே விலை என்றாகிவிட்டது. பத்து வருடம் ஓடிய ஆட்டோவுக்கும், இந்தியாவில் உற்பத்தியையே நிறுத்திவிட்ட நனோவுக்கும் சொல்லுகிற விலையைக் கேட்டால் தலை சுற்றும். அப்படியிருக்கையில்தான் எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோகும் ஒருவர், “தங்கச்சி, ஒரு மொறிஸ் மைனர் நிக்குது. ஒன்பதரை சொல்லினம். ஓடுற கார்” என்றார். ஒன்பதரை இலட்சம். என் கையில் ஆறு இலட்சம் இருந்தது.

மொறிஸ் மைனர் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு வேறு எந்தக் கணக்கும் ஓடவில்லை. அப்பா முள்ளியவளையில் ஹயர் ஓடியது மொறிஸ் மைனரில்தான். கறுப்புக் கார். நான் பிறக்கமுதலே எங்கள் வீட்டில் நின்றது. கதவுத் தூணுக்குள்ளிருந்து சின்னக் கை ஒன்று செம்மஞ்சள் வெளிச்சத்தோடு எழும்பி, திரும்பப் போகிறோம் என்று காட்டும். அந்தக் கையை எழும்பப் பண்ணுவதற்காகவே நான் முன்சீற்றுக்குச் சண்டை பிடிப்பேன்.

வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புகிறார்கள் இல்லை. மண்ணெண்ணெயில் எஞ்சின் குளிராக ஸ்ரார்ட் ஆகாது. அதனால் எஞ்சினுக்குப் பக்கத்தில் சேலைன் போத்தல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்குள் பொன்னைப் போலக் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார் அப்பா. குழாய் வழியே சொட்டுச் சொட்டாகக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பின்னால் வருகிற சைக்கிள்காரருக்குக் கண் எரியும். பிளக்கைக் கழற்றிக் கழற்றித் துடைக்கவேண்டும். மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடுவதால் ஒயிலையும் அடிக்கடி மாற்றவேண்டும். புதுக் கார் எதுவும் இந்தச் சீவியத்தைத் தாங்கியிராது. பிரசவத்துக்குப் போன தாய்மார் எத்தனை பேர் இந்தப் புகைக்குள் இருந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். இதை வாசிக்கிறவர்களில் அப்படிப் பிறந்த பிள்ளையும் இருக்கலாம்.

2009 மாசியில் இரணைப்பாலை வரைக்கும் அந்தக் கார் எங்களோடு வந்தது. அதற்கு மேலே போக எண்ணெயும் இல்லை, றோட்டும் இல்லை. அப்பா கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முகாமால் விட்டு ஊருக்குத் திரும்பிய பிறகு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் பஸ்ஸும் லொறியும் சைக்கிளுமாக மலைபோலக் குவித்து வைத்திருந்ததை நீங்களும் கண்டிருப்பீர்கள். அப்பா இரண்டுமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாம்முறை போகவில்லை. 2016இல் நோயில் காலமானார். திறப்பு இப்போதும் சுவாமி அறையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஆகவே நான் அந்தக் காரைப் பார்க்கப் போகும்போதே பாதி வாங்கிவிட்டேன் என்று சொல்லலாம். வியாபாரத்தில் இதைவிடப் பெரிய பலவீனம் வேறு இல்லை. சமூகவியல் படித்த காலத்தில் அர்ஜுன் அப்பாதுரை தொகுத்து 1986இல் வந்த ‘பொருள்களின் சமூக வாழ்வு’ என்ற நூலைப் பற்றி விரிவுரை கேட்டிருக்கிறேன். பொருள்களுக்கும் மனிதரைப்போல ஒரு வாழ்க்கைக் கதை உண்டு, கைமாறக் கைமாற அவற்றின் பெறுமதியும் மாறும் என்பார்கள். பரீட்சைக்கு எழுதிப் புள்ளியும் எடுத்தேன். சொந்தப் பணத்தோடு ஒரு காருக்கு முன்னால் நின்றபோதுதான் அது விளங்கியது.

கார் நின்றது கிளிநொச்சி மாவட்டத்தில், ஒரு குளத்துக்குக் கீழான குடியேற்றத்தில். ஊரையும் பெயரையும் சொல்லவில்லை. விற்கிற அக்காவிடம் கேட்டு, அவர் சம்மதித்த அளவில்தான் எழுதுகிறேன். கிடுகுக் கொட்டிலுக்குள் தறப்பாளை விலக்கிக் காட்டினார். சாம்பல் நிறம். நம்பர்த் தட்டில் சிங்கள ‘ஸ்ரீ’. 1958இல் இந்த எழுத்தோடு வடக்குக்கு வந்த பஸ்களில் தார் பூசிய வரலாற்றை எங்கள் பாட்டன்மார் சொல்லியிருப்பார்கள். அந்த எழுத்தைச் சுமந்த கார்கள்தான் பின்னர் எங்கள் தமிழ் ஊர்களில் அறுபது வருடம் உழைத்தன என்பது வேடிக்கைதான்.

அன்றிரவு கனடாவிலிருக்கும் என் மச்சானுக்குப் படங்களை அனுப்பினேன். அவரிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவர் மூன்று வருடத்துக்கு முன்னர் பழைய எம்ஜி மிட்ஜெற் ஒன்று வாங்கினார். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையை மடித்துவிடுகிற ஸ்போர்ட்ஸ் கார். அதை வாங்குவதா என்று ஒரு கோடைகாலம் முழுக்க எங்கள் குடும்பத்து வட்ஸ்அப் குழுவில் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் தலையிடி தந்தவர். “ரெண்டு பிள்ளையும் மனுசியும் இருக்க, ரெண்டு சீற்றுக் கார் என்னத்துக்கு?” என்று மாமி கேட்டதற்கு அவரிடம் இன்றைக்கும் பதிலில்லை.

மச்சான் சந்தோசத்தில் குதித்தார். “மச்சாள், உன்ரை காரும் என்ரை காரும் சொந்தக்காரர் எண்டு தெரியுமோ?” என்றார். உண்மைதான். எம்ஜி என்றால் மொறிஸ் கராஜ். ஒக்ஸ்போர்ட்டில் வில்லியம் மொறிஸ் நடத்திய கராஜின் பெயரிலிருந்து வந்தது. 1956இலிருந்து மொறிஸ் மைனருக்குப் போட்ட அதே 948 சீசி எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கேற்றித்தான் 1961இல் வந்த மிட்ஜெற்றுக்கும் பூட்டினார்கள். ஆக, எங்கள் அப்பாமார் மண்ணெண்ணெய் ஊற்றிச் சாக்குமூட்டையும் சனமும் ஏற்றி ஓடியது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினை.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். பின்னர் மினி காரையும் இவரே செய்தார். 1948இல் மொறிஸ் மைனர் வெளிவந்தபோது, கொம்பனிச் சொந்தக்காரரான நஃபீல்ட் பிரபுவுக்கே அது பிடிக்கவில்லை, உடைத்து ஊற்றி அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று இகழ்ந்தார் என்பார்கள். மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிந்ததால் இசிகோனிஸ் அதை நீளவாக்கில் இரண்டாக அரிந்து, நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்தாராம். அந்த அகலமே நிலைத்தது. பொனற்றின் நடுவே கொஞ்சம் எழும்பின பட்டி ஒன்று ஓடுகிறதே, அது அந்த நான்கு அங்குலம்தான். எங்கள் அம்மம்மா பிளவுசுக்குப் பக்கத்துத் துண்டு வைத்துத் தைத்த மாதிரி. ஆங்கிலேயக் கார்களில் முதன்முதலில் பத்து இலட்சத்தைத் தாண்டியது இதுதான். உற்பத்தி முடிந்தபோது பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்திருந்தார்கள்.

மச்சான் தன் ஆசையைச் சொல்லி முடித்தபிறகு ஒரு நல்ல புத்தியும் சொன்னார். “எஞ்சினைப் பாக்காதே. எஞ்சினைத் திருத்தலாம். குனிஞ்சு கீழே பார். கறள்தான் இந்தக் காருகளின்ரை புற்றுநோய்.” அவர் எம்ஜியை எஞ்சின் சத்தத்தில் மயங்கி வாங்கியவர். கனடாவில் பனி உருக றோட்டுக்கு உப்புப் போடுவார்கள். அந்த உப்பு அடித்தட்டைத் தின்றிருந்தது. காருக்குக் கொடுத்ததைவிட ஒட்டு வேலைக்குக் கொடுத்தது அதிகமாம். எங்களுக்குப் பனி இல்லாவிட்டாலும் முல்லைத்தீவுக் கடற்காற்று இருக்கிறது.

அடுத்த ஞாயிறு கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கிற வயதான அண்ணை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பார்த்த விதத்தைக் கொஞ்சம் விபரமாக எழுதுகிறேன். பழைய வாகனம் எது வாங்கினாலும் உங்களுக்கு உதவும்.

காரைச் சுற்றிப் பார்க்க அவர் ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. புதுப் பெயின்ற் அடித்திருந்தால் சந்தேகப்படவேண்டும் என்றார். பழைய பெயின்ற் பொய் சொல்லாதாம். பிறகு சாக்கை விரித்துக் கீழே படுத்துவிட்டார். சின்னச் சுத்தியலால் அடித்தட்டில் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு கணீரென்று கேட்கும், கறள் தின்ற இடம் ‘தொப்’ என்று கேட்கும். கதவுக்குக் கீழான ஓரம், ஜாக் வைக்கிற இடம், பின்பக்க ஸ்பிறிங் பூட்டியிருக்கிற இடம், முன்பக்கம் எஞ்சினைத் தாங்குகிற இரண்டு நீளத் தகடு. இந்த நான்கிலும்தான் மொறிஸ் மைனர் முதலில் உக்கும். பின் ஸ்பிறிங் பக்கம் ஒரு ‘தொப்’ கேட்டது. மற்றவை பரவாயில்லை.

அதற்குப் பிறகு முன்சில்லை ஜாக்கில் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். இந்தக் காரில் முன்சில்லைத் தாங்குகிற மூட்டு புரியோடு திருகின மாதிரி இருக்கும். ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேய்ந்து, ஒருநாள் திரும்புகிற நேரத்தில் சில்லு மடங்கிக் காரின் மூக்கு நிலத்தில் குத்தும். அப்பா ஞாயிறு தவறாமல் கிறீஸ் துப்பாக்கியோடு காருக்குக் கீழே படுத்திருந்ததன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்தக் காரில் மூட்டு இறுக்கமாக இருந்தது. “ஆரோ பாத்துப் பாத்துக் கிறீஸ் அடிச்சிருக்கினம்” என்றார் அண்ணை. அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறேக் நான்கும் மாற்றவேண்டும், இருக்கைப் பெல்ட் கிடையாது, பூட்டுவிக்கவேண்டும், வயரிங் பழசு, எலி கடித்திருக்கிறது. எல்லாமாக ஒன்றரை இலட்சம் வைத்துக்கொள்ளச் சொன்னார். சாமான் கிடைக்குமா என்று கேட்டேன். மொறிஸ் மைனருக்குக் கிடைக்கும், பயப்படத் தேவையில்லை என்றார். 1990களில் தெற்கே இதற்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள் என்றால் பாருங்களேன்.

சரி, காரில் பெரிய குறையில்லை. இனிப் பணம். பழைய கார் என்றபடியால் லீசிங் கிடைக்காது. மூன்றரையும் ஒன்றரையும் ஐந்து இலட்சம் கடன் எடுக்கவேண்டும். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற நுண்கடன்காரரால் எங்கள் பெண்கள் பட்ட பாட்டை எழுதி எழுதிக் கை ஓய்ந்தவள் நான். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்ததென்றால் நிலைமை எவ்வளவு தூரம் போயிருந்தது என்று யோசியுங்கள். இதையெல்லாம் தெரிந்த நானே, ஒரு காருக்காக ஐந்து இலட்சம் கடனுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மாதத்தில் ஒரு கிளினிக்குக்கு. ஆட்டோக் கூலியை வட்டியோடு ஒப்பிட்டு மூன்றுமுறை கூட்டினேன். மூன்றுமுறையும் ஆட்டோதான் வென்றது. கணக்குப் பிழை என்று நாலாம்முறையும் கூட்டினேன்.

இந்த நிலையில்தான் கார்ப் புத்தகத்தைக் கேட்டேன். உண்மையில் இதை முதல்நாளே கேட்டிருக்கவேண்டும். பழைய வாகனம் பார்க்கப் போகிறவர்கள் பொனற்றைத் திறக்கமுதல் புத்தகத்தைத் திறவுங்கள்.

அக்கா உள்ளே போய் ஒரு பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்தார். உள்ளே பொலித்தீனில் சுற்றிய பதிவுப் புத்தகம். அவருடைய கணவரின் பெயரில் இருந்தது. “அவரை 2009 வைகாசிக்குப் பிறகு காணேல்லை தங்கச்சி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் குந்திய நாளிலிருந்து அவரை அந்தக் கூட்டத்தில் நான் கண்டிருக்கிறேன். முகம் தெரியும், பெயர் தெரியாது.

பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது கார் தப்பிய கதையைச் சொன்னார். 2006 ஆவணி தொடக்கத்தில் எஞ்சின் வேலைக்காகக் கணவர் காரை வவுனியாவில் ஒரு கராஜில் விட்டுவிட்டு, வேலை முடிய ஒரு கிழமை செல்லும் என்று பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார். ஆவணி 11இல் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. கார் ஓமந்தைக்கு அந்தப் பக்கம், மனிதர் இந்தப் பக்கம். வன்னிக்குள் இருந்த கார் எல்லாம் அழிந்துபோக, பாதை பூட்டியதால் இது தப்பியது. கராஜ்காரர் நல்ல மனிதர். 2011இல் அக்கா மீளக்குடியேறிய பிறகு தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாராம். எஞ்சின் வேலைக்குக் காசு வாங்கவில்லையாம்.

“அப்ப ஏன் அக்கா விக்கிறியள்?”

வீட்டுத்திட்ட வீட்டை முடிக்க எடுத்த கடன். நான்கு இலட்சத்துக்குக் கிட்ட நிற்கிறது. ஏற்கெனவே ஒரு தரகர் வந்து ஏழரை தருகிறேன் என்றிருக்கிறார். பெயர் மாற்றத் தேவையில்லையாம், திறந்த பத்திரமாக வாங்குவாராம். படிவத்தில் கணவர் கையெழுத்து வைக்கிற இடத்தில் அக்காவே ஒரு கையெழுத்தை வைத்துவிட்டால் காரியம் முடிந்ததாம். “எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம், ஆர் பாக்கப் போயினம்” என்றாராம்.

திறந்த பத்திரம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விற்கிறவர் உரிமை மாற்றும் படிவத்தில் கையெழுத்து மட்டும் வைத்து, திகதியும் வாங்குபவர் பெயரும் போடாமல் கொடுத்துவிடுவது. அந்தத் தாள் கைமாறிக் கைமாறி எங்கேயும் போகலாம். வாகனம் போய் ஒருவரை இடித்தாலும், களவுச் சாமான் ஏற்றிப் பிடிபட்டாலும், முதலில் தேடி வருவது புத்தகத்தில் பெயர் உள்ளவரின் வீட்டைத்தான். இங்கே அந்தக் கையெழுத்துக்கு உரியவரே இல்லை. அவருடைய பெயரில் இன்னொருவர் கையெழுத்து வைப்பது சட்டப்படி என்ன குற்றம் என்று நான் விளக்கத் தேவையில்லை. அக்கா வேறொன்று சொன்னார். “நான் அவற்றை கையெழுத்தை வைச்சால், அவர் 2009க்குப் பிறகு வந்து கையெழுத்து வைச்சிட்டுப் போன மாதிரி ஆகாதோ? நாளைக்கு எங்கேயாவது விசாரணை எண்டு போனால், உம்மடை மனுசன்தானே காரை வித்தவர் எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

இதை எந்தச் சட்டத்தரணியும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு படிவமாக நிரப்பி நிரப்பி அவரே கண்ட விடயம். எனக்கு உண்மையில் வெட்கமாக இருந்தது. கார்ப் புத்தகத்தைக் கண்டதும் நான் யோசித்தது, ‘எனக்குப் பெயர் மாற்றுவது கஷ்டமாகப் போகுதே’ என்றுதான்.

மரணச் சான்றிதழ் எடுத்தால் சொத்தை ஒழுங்குமுறையாகக் கைமாற்றுகிற வழிக்குப் போகலாம். அக்கா எடுக்கமாட்டார். எடுக்கச் சொல்லி நானும் சொல்லமாட்டேன். 2010இன் இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தை 2016இல் திருத்தி, மரணச் சான்றிதழ் வேண்டாதவர்களுக்காகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே உதவித்திட்டங்களுக்கு விண்ணப்பிக்கவும், சொத்துக்களைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் பராமரிப்பது வேறு, விற்பது வேறு. சட்ட உதவிக்கு வரும் ஒரு சட்டத்தரணியிடம் பொதுவாக விசாரித்தேன். “நீதிமன்றத்தைக் கேட்காமல் விலை பேசாதேங்கோ, முற்பணமும் குடுக்காதேங்கோ” என்றார். அக்காவுக்கு அந்தச் சான்றிதழிலும் சந்தேகம். இதுவும் கோப்பை மூடுகிற வழிதானோ என்று அவருடைய கூட்டத்தில் பலர் நினைக்கிறார்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிற அளவுக்கு இதுவரை யாரும் அவர்களுக்குப் பதில் சொல்லவுமில்லை.

பிஸ்கட் ரின்னுக்குள் இன்னும் ஒன்று இருந்தது. வருடாந்த வாகன வரி அனுமதிப்பத்திரங்கள். கார் வந்த வருடத்திலிருந்து இன்றுவரை ஒன்றுவிடாமல் அடுக்கி நூலால் கட்டியிருந்தார். கொட்டிலுக்குள் நிற்கிற காருக்கு ஏன் வருடாவருடம் காப்புறுதியும் வரியும் என்று கேட்டேன். ஓடாத வாகனத்துக்குக் காசைக் கொட்டுவது எனக்கு வீண்செலவாகத் தெரிந்தது. அக்கா ஒரு பத்திரத்தை எடுத்துக் கணவரின் பெயர் அச்சிட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“பங்கீட்டு அட்டையில வெட்டிப்போட்டினம். வாக்காளர் இடாப்பிலயும் இல்லை. வருசத்துக்கு ஒருக்கா கச்சேரிக்காரர் அவற்றை பேரில புதுசா ஒரு கடதாசி தாறது இதுக்கு மட்டும்தான்.”

நான் காரை வாங்கவில்லை.

வாங்கவில்லை என்று சொல்ல அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். உண்மையில் அம்மாவுக்கு ஒருமுறை காட்டவேண்டும் என்று ஆசை. அம்மா கொட்டில் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு, “பிள்ளை, உது எங்கடை கார் இல்லை” என்றார். எனக்கு இரண்டு மாதமாக விளங்காதது அவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியிருந்தது. ஆனால் கதவைத் திறந்து பின்சீற்றில் ஏறி இருந்து, காலை நீட்டிப் பார்த்து, “ஆனா வசதிதான்” என்று ஒரு சொல்லும் சேர்த்தார்.

அக்கா ஏமாற்றப்படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. கொஞ்சம் ஆறுதல் பட்டது போலவும் இருந்தது. ஆனால் கடன் கடன்தான். நான் வாங்காமல் விட்டதால் அது ஒரு சதமும் குறையப்போவதில்லை. தரகர் திரும்பவும் வருவார். எனவே அவருடைய மகளோடு இருந்து யோசித்தோம். மகளுக்கு இருபத்துநான்கு வயது, கிளிநொச்சியில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் அல்பம் வடிவமைக்கிற வேலை. கல்யாணப் படத்துக்குப் பழைய கார் தேடி மாப்பிள்ளை பெம்பிளையை யாழ்ப்பாணம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறார்களாம் என்று அவள்தான் சொன்னாள். இப்போது காரைக் கொட்டிலால் வெளியே தள்ளி, நாவல் மரத்துக்குக் கீழே நிறுத்தி, அங்கேயே படம் எடுக்க விடுகிறார்கள். கார் படலையைத் தாண்டுவதில்லை. இதுவரை நான்கு சோடி வந்துபோய்விட்டது. அந்தக் காசு கடனுக்குப் போதாது, வட்டிக்குக் கிட்டமுட்டக் காணும். என் ஆறு இலட்சத்தில் ஒரு பகுதியைக் கைமாற்றாகத் தரவா என்று கேட்டேன். அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

மகள் வாகன அனுமதிப்பத்திரத்துக்கு எழுத்துப் பரீட்சை எழுதிவிட்டாள். மரத்துக்குக் கீழே காரை முன்னுக்கும் பின்னுக்கும் எடுக்கப் பழகுகிறாள். தகப்பன் கிறீஸ் அடிக்கிற முறையைத் தாய் சொல்லிக்கொடுக்கிறார். அப்போதுதான் இத்தனை வருடமும் காருக்குக் கீழே படுத்துக் கிறீஸ் அடித்தது யார் என்று எனக்குத் தெரியவந்தது.

அம்மாவும் நானும் இன்னும் ஆட்டோவில்தான் போகிறோம்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரில் மோட்டார்சைக்கிளோ, உழவு இயந்திரமோ, படகோ, காணி உறுதியோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம். தரகர் யாரும் கையெழுத்துக் கேட்டு வந்தால், தாளில் பேனை வைக்கமுதல் பத்திரிகை முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள், அல்லது உங்கள் பிரதேச செயலகத்தில் பெண்கள் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கண்டு கதையுங்கள். கடிதங்களைச் சட்டத்தரணியிடம் காட்டிப் பதில் அனுப்புகிறேன். பெயர் போடமாட்டேன்.

அக்காவின் காருக்கு இந்த வருட வரி இம்மாதக் கடைசியில் முடிகிறது. திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்கு அவரோடு நானும் போகிறேன்.